மால்டாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ உருகி உருகி எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பென்டில் ஹில் ஸ்டேஷனில் இறங்கி, தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவுக்குத் திரும்புகிற மூலையில் சனிக்கிழமைகளில் அவர் நிற்பார். வயது அறுபதுக்குக் கிட்ட இருக்கும். வெயிலானாலும் சரி, குளிரானாலும் சரி, ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள் மால்டா இருந்தது. மத்தியதரைக் கடலில், இத்தாலிக்குக் கீழே, லிபியாவுக்கு மேலே கிடக்கிற அந்தச் சின்னத் தீவின் வரைபடம், பஸ் நேரங்கள், கப்பல் நேரங்கள், மாதா கோயில் படங்கள், கடைகள் எப்போது திறக்கும் எப்போது பூட்டும் என்று அவரே கைப்பட எழுதிய தாள்கள். எல்லாவற்றையும் ரப்பர் வளையம் போட்டு அடுக்கி வைத்திருப்பார். ஒருவர் மால்டாவுக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், ஆளை விடமாட்டார்.

சிட்னியின் இந்த மூலையிலிருந்து எந்த மடையன் மால்டாவுக்குப் போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். போனார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லிபியாவுக்கு விமானம் பறப்பது நின்றுபோயிருந்தது. அங்கே வேலை பார்த்த எங்கள் ஆட்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் மால்டாக் கப்பலில்தான். மகனோ புருஷனோ லிபியாவில் இருந்த குடும்பங்களுக்கு அந்தத் தீவு சந்திக்கிற இடமாகிவிட்டது. அது போக, எங்கள் பக்கம் மால்டாக்காரர்கள் அந்தக் காலத்தில் நிறைய. கோழிப் பண்ணை வைத்திருந்தவர்கள், மரக்கறித் தோட்டம் வைத்திருந்தவர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள், தாய் தகப்பனின் ஊரைப் பார்க்கப் புறப்படும்போது இந்தத் தமிழரிடம் வந்து வழி கேட்டார்கள். அந்தக் கூத்தை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தகவல் கொடுக்கிறவர் என்றால் எல்லாவற்றையும் நம்புகிறவராக இருப்பார் என்று நினைக்காதீர்கள். அவர் உலகத்தில் ஒன்றையும் நம்பமாட்டார். ஸ்டேஷன் பலகையில் பரமட்டா என்று எழுதியிருக்கும், ஒலிபெருக்கியும் அதையே சொல்லும். அவர் ரயில் கார்டிடம் போய், "இது பரமட்டாவுக்குத்தானே?" என்று கேட்பார். ஏறி உட்கார்ந்தபின் பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொரு தடவை கேட்பார். கடையில் பால் வாங்கினால் திகதியைப் பார்ப்பதோடு விடமாட்டார், மூடியைத் திருகி மணந்தும் பார்ப்பார். கடைக்கார அண்ணை, "ஐயா, மூடியைத் திறந்தா நீங்கள்தான் வாங்க வேணும்!" என்று உள்ளே இருந்து கத்துவார். வானிலை அறிக்கையை நம்பாததால்தான் அந்த மழைக்கோட்டு என்று எங்களுக்குள் ஒரு பகிடி உண்டு.

"எப்பிடி அங்கிள் சுகம்?" என்று கேட்டால், "ஏன் கேக்கிறீர்?" என்பார். அவ்வளவுதான் பதில். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எங்கே வீடு, எதைக் கேட்டாலும், "ஏன் கேக்கிறீர்?" அதைக் கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். காரணம் தெரிந்தால் பதில் சொல்லலாம் என்பது போல முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காரணத்தைச் சொன்னாலும் பதில் வராது.

ஆனால் மற்றவர்களைத் துருவித் துருவிக் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. முதல்முறை என்னைக் கண்டபோது நடந்தது இது.

"நீர் எவடம்?"

"வடமராட்சி."

"வடமராட்சியில எவடம்?"

சொன்னேன்.

"சந்திக்குக் கிழக்கையோ மேற்கையோ? தகப்பன் என்ன செய்தவர்? சகோதரங்கள் எங்க இருக்கினம்?"

"ஏன் அங்கிள் கேக்கிறியள்?"

"சும்மாதான்."

அந்தக் காலத்தில் சும்மா என்று ஒன்று கிடையாது. ஊரில் சண்டை. எங்கள் எல்லோருக்கும் ஊரில் ஒருவர் இருந்தார். இங்கே கடை வாசலில் சொல்கிற ஒரு பெயர், அங்கே யாருடைய வீட்டுக் கதவைத் தட்ட வைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவரைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆள் ஏஜென்ட், மால்டா வழியாக இத்தாலிக்குப் பெடியளைக் கடத்துகிறவர் என்றார்கள். இல்லை, யாருக்கோ தகவல் சேர்க்கிறவர் என்றார்கள். எந்தப் பக்கத்துக்கு என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. எனக்குச் சரியாகத் தெரிந்தது ஒன்றுதான். ஊரைவிட்டு வந்த புதிதில் அவர் மால்டாவில் கப்பல் திருத்துகிற இடத்தில் பல வருடம் வெல்டிங் வேலை செய்தவர். மால்டாக்காரர்களுடைய மொழியைத் தண்ணீர் மாதிரிப் பேசுவார். கிறேஸ்டேன்ஸ் பேக்கரியில் வேலை செய்த மால்டாக் கிழவி அவரைக் கண்டால் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து கதைப்பாள்.

அவர் தகவல் சொல்கிறபோது கேட்க வேண்டும். கண் வேறு எங்கேயோ இருக்கும், வாய் ஓடிக்கொண்டிருக்கும்.

"பிளக் மூண்டு பின், சதுரப் பின். இங்கத்தையப் பிளக்கைக் கொண்டு போனா சுவரைப் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான். குழாய்த் தண்ணி உப்பு, போத்தல் வாங்கு. வலெட்டா டவுனில தெருவெல்லாம் படி, வயசானவையைச் செருப்போட கூட்டிக்கொண்டு போகாதை. கோயிலுக்குள்ள போறதெண்டா தோளை மூடு. பஸ் பச்சை. டிரைவருக்குப் பக்கத்தில மாதா படம் இருக்கும், படத்தைப் பாத்து நம்பி ஏறாதை, எங்க போகுதெண்டு கேட்டு ஏறு. பகல் பன்னிரண்டரைக்குக் கடை எல்லாம் பூட்டிப் போடுவாங்கள், பேந்து நாலு மணிக்குத்தான். கடவுளை அல்லா எண்டுதான் கூப்பிடுவாங்கள், கும்பிடுறது யேசுவை. குழம்பாதை. முயல் இறைச்சி விருப்பம். தாய்க்குச் சொல்லாதை, சாப்பிடமாட்டா."

ஒரு நாள் பைக்குள் இருந்து ஒரு மாதா கோயில் படத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு கோபுரம், இரண்டிலும் மணிக்கூடு. ஒன்று பத்து மணி, மற்றது மூன்றே கால்.

"ஒண்டு சரியான நேரம். மற்றது பிழை. சிலதில வெறும் பெயின்ற்தான், ஓடாது."

"ஏன் அங்கிள் அப்பிடி?"

"பேய்க்குப் பூசை நேரம் தெரியக் கூடாதாம். தெரிஞ்சா வந்து குழப்பிப் போடுமாம். அதுக்காக ஒரு பொய் மணிக்கூடு. அங்கத்தைய சனம் அப்பிடித்தான் சொல்லும்."

நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அது புதிதாகவே இல்லை. எங்கள் ஆட்கள் பயண நாளை வெளியே சொல்வார்களா? என் பெரியம்மா கனடாவுக்குப் போனபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் கண் காட்டக் கொழும்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். நாவூறு பட்டு விசா தட்டிப்போய்விடும் என்று பயம். சிட்னிக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. விமானம் ஏறிய பிறகுதான் சொல்லுவோம், அதுவும் வேறு ஊரைச் சொல்லுவோம்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு எனக்கே அவர் தேவைப்பட்டார். என் தம்பி குணம் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு லிபியாவுக்குப் போனவன். வீதி போடுகிற கம்பெனி ஒன்றில் வரைபடம் கீறுகிற வேலை. நான் கல்யாணம் முடித்து சிட்னிக்கு வந்து, பிறகு அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டேன். தம்பிக்கு இரண்டு தடவை விசாவுக்குப் போட்டு இரண்டு தடவையும் இல்லை என்றுவிட்டார்கள். பதினொரு வருடம் அம்மா அவனைக் காணவில்லை. எழுபத்திரண்டு வயது, இரண்டு கண்ணிலும் புகை படர்ந்திருந்தது. "கண் முழுக்க மறைக்க முன்னம் அவனை ஒருக்காப் பாத்திட்டன் எண்டாக் காணும்" என்று தினமும் சொல்லுவார். கடைசியில் தம்பிக்கு லீவு கிடைத்தது. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் அவன் மால்டாவுக்கு வருவது, நானும் அம்மாவும் சிட்னியிலிருந்து போவது, ஐந்து நாள் ஒன்றாக இருப்பது என்று ஒழுங்கு.

நான் கடையில் ஒரு சினேகிதியிடம் மெல்லமாகக் கேட்ட ஒரு கேள்வி, ஒரு கிழமைக்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. ஒரு பின்னேரம் நார்த்மீட்டில் எங்கள் வீட்டு மணி அடித்தது. பார்த்தால் மழைக்கோட்டு. எங்கள் முகவரியை அவருக்கு யார் கொடுத்தது? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கதிரையின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு அதன் நுனியில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு அவரைக் கண்டவுடனேயே பிடித்துப் போயிற்று.

"அம்மா, மகனைக் கண்டு எத்தினை வருசம்?"

"பதினொரு வருசம் தம்பி. என்ர கண்ணும் இப்ப வடிவாத் தெரியுறேல்லை."

அவர் பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து என் பக்கம் திரும்பினார். "மகன்ர முழுப்பேர் என்ன பிள்ளை? எந்தக் கப்பல்? எந்த நாள் வந்து இறங்குது?"

"என்னத்துக்கு அங்கிள்?"

"விபரத்தைத் தா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மிச்சம் என்றால் என்ன மிச்சம்? முழுப்பெயர், கப்பல், நாள். இந்த மூன்றும் இருந்தால் ஒரு மனிதனை எங்கே வைத்தும் பிடிக்கலாம். தம்பி லிபியாவிலிருந்து வெளியே கால் வைப்பது எங்கள் நாலு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இந்த ஆள் அதைத் தாளில் எழுதப் போகிறாரா?

"செவ்வாய்க்—" என்று அம்மா தொடங்கினார்.

"அம்மா, அடுப்பில பால்!" என்று கத்தினேன். அம்மா பாவம், சுவரைத் தடவிக்கொண்டு குசினிக்குள் போனார். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் சொன்னேன், "தம்பியின்ர பேர் தவராசா. சனிக்கிழமைக் கப்பல்."

ஆள் அதை எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் பலகையை நம்பாதவர், பாலை மணந்து பார்க்கிறவர், என்னிடம் இரண்டாம் தடவை கேட்கவில்லை. 'தவராசா, சனி' என்று கட்டை எழுத்தில் எழுதி, தாளை நாலாக மடித்து, பைக்குள் போடாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு எனக்கென்று எழுதிக் கொண்டு வந்த தகவல் தாளைத் தந்தார். அதில் ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. 'போன் பெட்டி எல்லாம் கார்ட் பெட்டி, காசு போட ஏலாது. கார்ட் பன்னிரண்டரைக்கு முன்னம் வாங்கவும்.' தாளின் அடியில் அவருடைய தொலைபேசி எண். அதை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாசலில் நின்று சொன்னார், "அங்க ஒருத்தன் வருவான். பயப்பிடாதை பிள்ளை."

கதவைச் சாத்தியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. வருகிறவன் காசு பறிக்க வருகிறவன். அல்லது தம்பியை எங்கேயோ கொண்டு போக வருகிறவன். அன்றிரவு என் புருஷனிடம், "ஆளை நல்லாச் சுத்திப் போட்டன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும், "கெட்டிக்காரி" என்றார். கெட்டிக்காரி!

மால்டாவில் அவர் சொன்னது எல்லாம் சரியாகவே இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பிளக் சரி, தண்ணீர் உப்பு, தெருவெல்லாம் படி, பஸ்ஸில் மாதா. அம்மாவைச் சப்பாத்துப் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இரட்டைக் கோபுரக் கோயிலையும் கண்டோம். எது சரியான மணிக்கூடு என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பல் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள், தம்பி இறங்கவில்லை. ஒரு அதிகாரி வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். தன்மையான மனிதர். "இந்தப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே குடியிருக்கிற ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். உங்களுக்கு இந்தத் தீவில் யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"ஒருவரையும் தெரியாது" என்றேன்.

"கப்பல் மூன்றரைக்குத் திரும்புகிறது. அதற்குள் யாராவது வந்தால் பார்ப்போம். வராவிட்டால் அவர் இறங்க முடியாது."

அங்கே ஒருவன் வருவான் என்று மழைக்கோட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருகிறவன் எதற்கு வருகிறவன் என்பதும் உறைத்தது. ஆனால் அவன் சனிக்கிழமை வருவான், தவராசாவைத் தேடி வருவான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் அவருடைய தாள், அடியில் அவருடைய எண். ஒரு போன் எடுத்தால் போதும். ஆனால் என்ன சொல்வது? அங்கிள், நான் சொன்ன பேர் பொய், நாள் பொய், உங்களை நான் கள்ளன் என்று நினைத்தேன் என்றா? வெட்கம் என்னைப் பிடித்து இருத்தி வைத்துவிட்டது. அந்த அதிகாரி இரங்குவார், வேறு ஏதாவது வழி வரும் என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா இருந்தேன். இதை எழுதுகிறபோதுகூட எனக்கு என்னை அறைய வேண்டும் போல இருக்கிறது.

கடைசியில் எழும்பியபோது பன்னிரண்டே முக்கால். துறைமுகப் போனில் வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது என்றார்கள். தெருவில் போன் பெட்டியைக் கண்டுபிடித்தேன். கார்ட் பெட்டி. கார்டுக்குக் கடை தேடி அந்தப் படித் தெருவெல்லாம் ஓடினேன். ஒவ்வொரு கதவும் பூட்டு. ஒரு கதவைக் கையால் அடித்தேன். மேல் மாடத்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து நாலு விரலைக் காட்டினாள். நாலு மணி. ஹோட்டலுக்குப் போய்ப் போன் எடுக்கலாம் என்றால் அது தீவின் மறு பக்கம், அம்மாவோ துறைமுகத்து வேலியை விட்டு அசையமாட்டேன் என்று நின்றார்.

மூன்று மணிக்குத் தம்பியைக் கப்பல் தட்டில் வந்து நிற்க விட்டார்கள். வேலிக்கும் கப்பலுக்கும் நடுவில் ஐம்பது யார்டு தூரம் இருக்கும். என் தம்பியை நான் உடனே கண்டேன். வெள்ளைச் சேட்டு, மூக்குக் கண்ணாடி, முன்மண்டையில் முடி இல்லை. எங்களைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் உயரமான ஒரு ஆள், நீலச் சேட்டு, யாரோ என்னவோ.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். "எது பிள்ளை? எது என்ர பிள்ளை? அந்த நீலச் சேட்டே?" கேட்டுக்கொண்டே கையைத் தூக்கி ஆட்டினார். ஒரு கிழவி தன்னைப் பார்த்துக் கை காட்டுகிறாளே என்று அந்த நீலச் சேட்டுக்காரனும் கையை ஆட்டினான். நன்றாக, மனம் வைத்து ஆட்டினான். தம்பி முகத்திலிருந்து கையை எடுக்கவேயில்லை.

"ஓம் அம்மா" என்றேன்.

கப்பல் போகும்வரை அம்மா அந்த ஆளுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டார். தம்பி கனடா போய்ச் சேர்ந்ததும், நான் அவனைக் கட்டிப் பிடித்து அழுததும் அதற்குப் பிறகு. அம்மா கடைசியாகக் கண்ட மகன் முன்பின் தெரியாத ஒரு ஆள்.

எங்கள் திரும்பும் விமானம் திங்கட்கிழமை. சனிக்கிழமை காலை அம்மா, "அந்த இடத்தை இன்னொருக்காப் பாப்பம்" என்றார். போனோம். கப்பல் வந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில், தொப்பி போட்ட ஒரு மால்டாக் கிழவர், வெயிலுக்குள் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அட்டையில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் தவராசா. நான் குசினிப் பாலைச் சாட்டி ஒரு நிமிடத்தில் உண்டாக்கிய மனிதனின் பெயர். கடைசி ஆளும் வெளியே வந்து போனபிறகும் அவர் நின்றார். அட்டையால் முகத்துக்கு விசிறினார். பிறகு மறுபடியும் உயர்த்திப் பிடித்தார்.

நான் அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து மறு பக்கத்தால் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

சிட்னிக்குத் திரும்பி மூன்று கிழமை பென்டில் ஹில் பக்கம் தலை வைக்கவில்லை. மரக்கறிக்குக்கூட வேறு இடம் போனேன். நாலாம் கிழமை அவரே வந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தார். உட்காரச் சொன்னேன், கதிரையின் காலை ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"என்ர கூட்டாளி போன் எடுத்தவன்" என்றார். "சனிக்கிழமைக் கப்பலில தவராசா எண்டு ஒருத்தரும் வரேல்லையாம். துறைமுகத்தில விசாரிச்சவனாம். செவ்வாய்க்கிழமை ஒரு தமிழ் ஆளைத் திருப்பி அனுப்பினவையாம். வெள்ளைச் சேட்டு, மூக்குக் கண்ணாடி. தாயும் தமக்கையும் வெளியில நிண்டவையாம்."

நான் மேசைத் துணியை இழுத்து நேராக்கினேன். அவர் தொடர்ந்தார்.

"அவன் என்னோட வேலை செய்தவன். அவன் கேட்டவன், ஆர் ஆக்கள், நம்பலாமோ எண்டு. நான் சொன்னனான், எங்கட பிள்ளைதான், யோசிக்காமப் போய்ப் பொறுப்பு நில் எண்டு." சட்டைப் பையிலிருந்து அந்த நாலாக மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "பேய்க்குக் காட்டுற மணிக்கூட்டையே பிள்ளை எனக்குக் காட்டினனீ?"

ஏங்கி ஏங்கி அழுதேன். அவர் அதட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டு முகம் முழுக்கச் சிரித்தார்.

"ஆர், தம்பியே? இவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். இறங்க விடேல்லை எண்டாலும் நான் அவனைக் கண்டிட்டன், அது காணும். நல்ல உயரமா வளந்திட்டான். நீலச் சேட்டு. கப்பல் போகுமட்டும் எனக்குக் கை காட்டினவன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெள்ளைச் சேட்டு என்று இப்போதுதான் அவர் வாயாலேயே சொன்னார். எதையும் மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்துகிற மனிதர். கேட்டுவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"ஓம் அம்மா" என்றார். "என்ர கூட்டாளியும் சொன்னவன். நீலச் சேட்டுத்தான். நல்ல வடிவான பிள்ளை எண்டு சொன்னவன்."

அம்மா கொடுத்த தேத்தண்ணியை மணந்து பார்க்காமல் குடித்தார். போகும்போது நான் வாசல் படலைவரை பின்னால் போனேன்.

"அங்கிள், என்னை மன்னிப்பியளோ?"

திரும்பி நின்று, ஸ்டேஷன் மூலையில் முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற அதே பார்வையை என் மீது வைத்தார்.

"ஏன் கேக்கிறீர்?" என்றார்.